அனுபவ வடிவமைப்புக்கு வரும் டிசைனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்டர், லோகோ, ஆப் ஸ்கிரீன் என்று வேலை பார்த்த டிசைனர்கள் பலர் இப்போது அருங்காட்சியகம், கண்காட்சி, விஆர் எனும் மெய்நிகர் உலகம், பார்வையாளர் உள்ளே நடந்து போகிற நாடகம் என்று அனுபவ வடிவமைப்பின் பக்கம் திரும்புகிறார்கள். நல்ல விஷயம். எழுத்துருவும் நிறமும் தெரிந்த ஆட்கள் இந்தத் துறைக்கு நிறையத் தேவை. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இதுவரை கண்ணை மட்டும் மனதில் வைத்து வேலை செய்திருப்பார்கள். இனி எதிரே வருவது கால் வலிக்கிற, பசிக்கிற, இடுப்பில் குழந்தையோடு நிற்கிற முழு மனிதர் என்பது உறைக்கவே நாளாகிறது.

முதல் தவறு, கருவியிலிருந்து தொடங்குவது. துறை மாறலாம் என்று தோன்றியதும் விஆர் ஹெட்செட் வாங்குகிறார்கள், அன்ரியல் இன்ஜின் என்ற முப்பரிமாண மென்பொருள் வகுப்பில் சேருகிறார்கள். கற்றுக்கொள்வதில் தப்பே இல்லை. கையில் இருக்கும் கருவிக்காக ஒரு அனுபவத்தைத் தேடுவதுதான் தப்பு. பெர்லின் யூத அருங்காட்சியகத்தில் மெனாஷே கடிஷ்மன் என்ற இஸ்ரேலியக் கலைஞர் செய்த ஒரு படைப்பு இருக்கிறது. உயரமான, வெறுமையான கான்கிரீட் வெளி. தரை முழுக்கக் கனமான இரும்புத் தகட்டில் வெட்டிய முகங்கள், வாய் திறந்தபடி, 10,000-க்கும் மேல். அவற்றின் மீது நடக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் இரும்போடு இரும்பு மோதி அந்த வெளி முழுவதும் அதிரும். சத்தத்தை எழுப்புவது நம் கால்தான். மேலே நடப்பதா, ஓரமாக நின்றுவிடுவதா என்று ஒவ்வொருவரும் தானே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே திரையும் இல்லை, சென்சாரும் இல்லை.

நம் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழா பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. அர்ச்சுனன் தபசு அன்று வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே நெட்டையான மரத்தில் ஏறுவார். மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார், பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். படுகளத்தன்று களிமண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் படுத்திருக்க, ஊரே சுற்றி நிற்கும். இதில் பார்ப்பவர் யார், பங்கேற்பவர் யார் என்று பிரித்துவிட முடியாது. எனவே எந்தத் திட்டத்திலும் முதல் பக்கத்தில், வருகிறவர் என்ன செய்யப் போகிறார் என்பதை எழுதுங்கள்: மிதிக்கிறார், தேடுகிறார், காத்திருக்கிறார், பிடிக்கிறார். அப்புறம் கருவிக்கு வரலாம்.

சுவர் முழுக்க வான்கோ ஓவியங்களைப் பாய்ச்சும் காட்சிகள் 2021 வாக்கில் வட அமெரிக்க நகரங்களில் கூட்டத்தை அள்ளின. அவற்றை நடத்திய நிறுவனங்களில் ஒன்றான லைட்ஹவுஸ் இமர்சிவ் 2023-இல் திவால் மனு போட்டது. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒருமுறை பார்த்தவர் மறுபடி வந்து செய்வதற்கு அங்கே எதுவும் இல்லை என்பது முக்கியமான காரணம் என்றே நினைக்கிறேன்.

பங்கேற்பு வேண்டும் என்றதும் சிலர் எதிர்த் திசையில் போய்விடுகிறார்கள். கூச்சப்படுகிறவரைக் கையைப் பிடித்து நடுவில் இழுத்து விடுவது, எல்லோரையும் ஆட வைப்பது. தபசு மரத்தடியில் பழம் வேண்டுகிறவர் முன்னால் வருகிறார், மற்றவர் பாயில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார். இரண்டுக்கும் இடம் இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த பஞ்ச்டிரங்க் குழு நியூயார்க்கில் 2011-இல் தொடங்கிய நாடகத்தில் பார்வையாளர்களுக்கு வெள்ளை முகமூடி கொடுத்தார்கள். முகம் மறைந்ததும் கூச்சம் குறைகிறது, அவரவர் வேகத்தில் அறை அறையாக அலைய முடிகிறது. தள்ளி நிற்கவும் வழி விட்டால்தான் மனிதர்கள் தாங்களாக நெருங்கி வருவார்கள்.

அடுத்தது, கணினியில் அழகாக இருப்பதை நம்பி ஏமாறுவது. 1916-இலேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளர் பெஞ்சமின் கில்மன் ஒரு காரியம் செய்தார். ஒருவரை அழைத்துக் காட்சிப் பொருள்களைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டு, பதில் தேடி அவர் குனிவதையும் மண்டியிடுவதையும் எட்டிப் பார்ப்பதையும் புகைப்படமாக எடுத்தார். அருங்காட்சியகத்தில் ஏன் இவ்வளவு களைப்பு வருகிறது என்பதற்கு அந்தப் படங்களே பதில். நூறாண்டு கழிந்தும் அதே உயரத்தில் அதே லேபிளைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி அறையின் அளவைக் குறியுங்கள். அட்டைப் பெட்டிகளை அடுக்கிச் சுவர் ஆக்குங்கள். லேபிளை நிஜ அளவில் அச்சடித்து ஒட்டி, விளக்கைக் குறைத்து, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து ஒரு சுற்று வாருங்கள். தமிழில் எழுதும்போது இது இன்னும் முக்கியம். கீ, கூ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கு நடுவே கூடுதல் இடம் வேண்டும். இருண்ட பின்னணியில் மெல்லிய எழுத்துருவைப் போட்டால் ண, ன சுழிகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். ஆங்கிலத்துக்கென்று போட்ட பெட்டிக்குள் தமிழைச் சுருக்கித் திணிக்கும் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதலில் படிக்கப் போவது அந்த வரிகளைத்தானே. விஆர் என்றாலும் கதை இதேதான். பார்ப்பவர் நிற்கும்போது காட்சியை நகர்த்தினால், கண் ஒன்று சொல்ல உள்காது வேறொன்று சொல்லி, குமட்டல் வந்துவிடும்.

வாசலுக்கு முன்னும் பின்னும் நடப்பதை விட்டுவிடுவது இன்னொரு பெரிய குறை. உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட சோதனை இந்தத் துறையில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருக்கச் சொன்னார்கள். மற்றொரு முறை அதே 60 விநாடி, கூடவே இன்னும் 30 விநாடி, அதற்குள் நீர் மெதுவாக 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வலி கூடுதல்தான், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நம் கண்காட்சிகள் எப்படி முடிகின்றன? இருட்டு அறையிலிருந்து நேராகக் கொளுத்தும் வெயிலுக்கு, செருப்பு தேடும் இடத்துக்கு. அதே 1993-இல் திறந்த வாஷிங்டன் யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில், நிஜமாக வாழ்ந்த ஒருவரின் கதை உள்ள அடையாள அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். கடைசியில் உட்கார்ந்து அமைதியாக இருக்கவும் மெழுகுவத்தி ஏற்றவும் ஒரு மண்டபம் இருக்கிறது. ஒரு பெஞ்சும் கொஞ்சம் நிழலும் நம் பட்ஜெட்டிலும் அடங்கும்.

பாதுகாப்பு கட்டட இன்ஜினியர் பாடு என்று விடுவதுதான் மன்னிக்க முடியாத தவறு. 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஒரு கேளிக்கைப் பூங்காவின் பேய்க்கோட்டையில் தீப்பிடித்து 8 பதின்வயதினர் இறந்தார்கள். லாரி டிரெய்லர்களை இணைத்துக் கட்டிய இருட்டு வழி. சுவரில் மோதினால் அடிபடாமல் இருக்க ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில், யாரோ வெளிச்சத்துக்காகப் பற்றவைத்த லைட்டரிலிருந்து தீ தாவியது. தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இல்லை. அந்த இருட்டு, வளைவு, வழி தெரியாத தவிப்பு எல்லாம் டிசைனர்கள் வேண்டுமென்றே வைத்தவை என்பதை யோசித்துப் பாருங்கள். திகிலூட்டிய அதே அம்சங்கள் தப்பிக்க முடியாமலும் செய்தன. திரைச்சீலை, நுரை, தெர்மாகோல் எதுவானாலும் எப்படி எரியும் என்று தெரிந்துகொள்ளாமல் வரைபடத்தில் சேர்க்காதீர்கள். எச்சரிக்கை மணி அடித்ததும் காட்சிச் சத்தம் தானாக நின்று விளக்குகள் எரிய வேண்டும். இது உங்கள் முதல் ஸ்கெட்சிலேயே இருக்க வேண்டிய விஷயம்.

பராமரிப்பும் அப்படித்தான். காலையில் யார் வந்து எல்லாவற்றையும் ஆன் செய்வார், ப்ரொஜெக்டர் நின்றால் யாருக்கு போன் செய்வார் என்று, அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களிடம் முன்பே கேளுங்கள். டச் ஸ்கிரீனில் 'பழுது' என்று தாள் ஒட்டுவது பெரும்பாலும் கேட்காததன் விளைவு.

அளவுக்கு மீறி வாக்குக் கொடுப்பதும் ஆபத்து. 2024 பிப்ரவரியில் கிளாஸ்கோவில் ஒரு சாக்லேட் உலகம் என்று செயற்கை நுண்ணறிவு வரைந்த கனவுப் படங்களைக் காட்டி, 35 பவுண்டு வரைக்கும் டிக்கெட் விற்றார்கள். வந்த குழந்தைகள் கண்டது ஏறக்குறைய காலியான கிடங்கு, சில ஜெல்லி பீன், கொஞ்சம் லெமனேட். கோபமான பெற்றோர் போலீசைக் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளருக்குக் காட்டும் படத்தில், அந்த இடத்தால் தர முடியாத எதையும் வைக்காதீர்கள்.

பழைய தொழிலை உதறிவிட்டு வர வேண்டும் என்ற எண்ணமும் வேண்டாம். அமெரிக்க டிசைனர் தம்பதி ஈம்ஸ் நடத்திய அலுவலகத்தில் கிராஃபிக் டிசைனராக வளர்ந்தவர் டெபோரா சஸ்மன். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸுக்காக, நகரமெங்கும் சிதறிக் கிடந்த மைதானங்களைச் சாரக்கட்டு, அட்டைக் குழாய், துணி, மஜந்தா போன்ற துணிச்சலான நிறங்கள் இவற்றை வைத்தே ஒரே விழாக் களமாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு. நிறம் தெரிந்த கைக்குத்தான் அது முடியும். வழிகாட்டிப் பலகை, கண்காட்சி லேபிள் போன்ற வேலைகள் வழியாக உள்ளே வருவது எளிது. முறையாகப் படிக்க விரும்பினால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்ஐடி) கண்காட்சி வடிவமைப்புக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

போர்ட்ஃபோலியோவில் ஆளில்லாத அறையின் பளபளப்பான படங்களை மட்டும் வைக்காதீர்கள். தரையில் டேப் ஒட்டிய படம், சோதனைக்கு வந்தவர்கள் எங்கே தயங்கினார்கள், அதைப் பார்த்து என்ன மாற்றினீர்கள் என்பதைக் காட்டுங்கள். தச்சர், எலக்ட்ரீஷியன், ஒலிக் கலைஞர் என்று கூட வேலை செய்தவர்கள் பெயரையும் அந்தப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அவர்களோடு வேலை செய்யத் தெரியுமா என்பதைத்தான் வேலைக்கு எடுப்பவர் முதலில் பார்ப்பார்.