வெட்டுத்துணியில் குயில்ட் கட்டம்: காகிதத்தின் மேல் பட்டி பட்டியாகத் தைப்பது எப்படி?

ஜாக்கெட் வெட்டி மிஞ்சும் துணி எதுவும் நேராக இருக்காது. துணியைச் சாய்வாக வைத்து வெட்டும் கிராஸ் கட்டிங்கில் விழுந்த துண்டு இழுத்தால் நீளும். கழுத்து வளைவில் விழுந்தது பிறை மாதிரி இருக்கும். கை ஓரத்தில் விழுந்தது ஒரு முனையில் இரண்டு இன்ச், மறுமுனையில் அரை இன்ச். குயில்ட் என்பது துண்டுத்துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. இவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டித்தான் அதைத் தைக்க வேண்டும் என்று நினைத்தால் பாதித் துணி குப்பைக்குத்தான் போகும்.

இந்தத் துண்டுகளுக்கென்றே ஒரு முறை உண்டு. ஒரு காகிதச் சதுரத்தின் மேல் பட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்து, காகித அளவுக்கு வெட்டி, கடைசியில் காகிதத்தைக் கிழித்தெடுப்பது. இப்படி வரும் ஒரு சதுரம்தான் ஒரு கட்டம், பல கட்டங்களை இணைத்தால் குயில்ட். அமெரிக்காவில் இதற்கு ஸ்ட்ரிங் குயில்ட் என்று பெயர். பழைய செய்தித்தாளையும் விலைப்பட்டியல் புத்தகத் தாளையும் அடியில் வைத்து அங்குள்ள பெண்கள் தைத்திருக்கிறார்கள். காகிதம் நீளாது, சுருங்காது. அதனால் மேலே வரும் துணி எந்தச் சாய்வில் வெட்டியதாக இருந்தாலும் அதன் பிடியில் நிற்கும். தையல் பழகத் தொடங்கியவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை. பட்டியின் அகலம் சற்று முன்பின் ஆனாலும் கட்டம் கெடாது. துல்லியம் வேண்டியது இரண்டே இடத்தில்: மூலைக்கு மூலை போகும் நடுப்பட்டியை வைக்கும்போதும், கடைசியாக ஓரம் வெட்டும்போதும்.

என்னென்ன வேண்டும்

காகிதம்: 8 இன்ச் சதுரம். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ., அதாவது ஏறக்குறைய 8¼ இன்ச். அதனால்தான் 8 இன்ச் என்று வைத்துக்கொள்கிறோம், ஒரு தாளுக்கு ஒரு சதுரம் வரும். ஆனால் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் கொஞ்சம் தடிமன், கிழிக்கும்போது தையலையும் சேர்த்து இழுக்கும். அச்சடிக்காத நியூஸ்பிரின்ட் தாள் அல்லது மெல்லிய ரஃப் நோட்டுத் தாள் நல்லது. அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் மை வெள்ளைத் துணியில் ஏறிவிடும்.

துணி: பாப்ளின், கேம்ப்ரிக், ரூபியா, காட்டன் லைனிங், பழைய காட்டன் சட்டை, பாவாடை. பட்டியின் அகலம் 1 இன்ச்சிலிருந்து 2½ இன்ச் வரை எதுவும் ஆகும். 1 இன்ச்சுக்குக் குறைந்தால் இரண்டு பக்கமும் தையலுக்குப் போக அரை இன்ச்கூட வெளியே தெரியாது. ஒரு கட்டத்துக்கு 9 முதல் 11 பட்டிகள் பிடிக்கும். 20 கட்டங்களுக்குக் கால் கிலோ துண்டுத்துணி போதும். ஆனால் நிறம் பார்த்து எடுக்க வசதியாக அரைக் கிலோ கையில் இருக்கட்டும்.

பனியன் துணியைத் தள்ளி வையுங்கள். அது பின்னிய துணி. காகிதம் எடுத்த பிறகு இழுபட்டுப் பக்கத்துப் பட்டியைச் சுருக்கும். ஷிபான், ஜார்ஜெட் போன்றவை காட்டனுக்கு வைக்கும் சூட்டைத் தாங்காது. ஜரிகை வைத்த துண்டு அழகாக இருக்கும், ஆனால் வெட்டிய ஓரத்தில் சீக்கிரம் பிரியும். துணியின் இரு ஓரத்திலும் வரும் கெட்டியான கரையையும் வெட்டி எறிந்துவிடுங்கள். துவைத்தால் அது தனியாகச் சுருங்கும்.

நடுப்பட்டிக்கு மட்டும் எல்லாக் கட்டத்திலும் ஒரே நிறம். 1½ இன்ச் அகலம், 12½ இன்ச் நீளம். நரைக்காத ஒரு பழைய வெள்ளை வேட்டி இருந்தால் அதுவே போதும். கடையில் வாங்குவதானால் 44 இன்ச் அகலத் துணியில் 30 செ.மீ. எடுத்தால் 20 பட்டிகளும் கிடைத்துவிடும்.

இவற்றோடு 14ஆம் நம்பர் ஊசி, வெள்ளை அல்லது சாம்பல் நிற நூல், கம் ஸ்டிக், ஸ்கேல், இஸ்திரிப் பெட்டி. காகிதம் வெட்டுவதற்குப் பழைய கத்தரிக்கோல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். துணிக் கத்தரியால் காகிதம் வெட்டினால் அதன் கூர் போய்விடும்.

தைப்பதற்கு முன்

எல்லாத் துண்டுகளையும் துவைத்துக் காயவையுங்கள். சிறு துண்டுகளைத் தலையணை உறைக்குள் போட்டு முடிச்சிட்டுத் துவைத்தால் நூல் பிரிந்து சிக்கலாகாது. சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றிலும் சந்தேகப்படுங்கள். ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் அந்தத் துண்டு குயில்ட்டுக்கு ஆகாது. ஒரு பட்டி சாயம் விட்டால் முதல் துவையலிலேயே நடுப்பட்டி அத்தனையும் கறைபட்டுவிடும்.

அடுத்தது கால் இன்ச் தையல். குயில்ட்டில் தையலுக்கு விடுவது ¼ இன்ச் மட்டுமே. ஊசி இறங்கும் இடத்திலிருந்து சரியாக ¼ இன்ச் அளந்து மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு 1½ இன்ச் அகலத்தில் மூன்று துண்டுகளைப் பக்கம் பக்கமாக இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுத் துண்டு சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் ஒரு நூலிழை அளவு நகர்த்துங்கள்.

மெஷினில் தையலைச் சிறிதாக்குங்கள். சாதாரணமாக ஒரு இன்ச்சுக்கு 12 தையல் போடுகிறோம் என்றால் இதற்கு 16 முதல் 18, எண்ணில் சொன்னால் 1.5 மி.மீ. நெருக்கமான ஓட்டைகள் இருந்தால்தான் காகிதம் தபால்தலை மாதிரி கிழியும். இதற்கும் சிறிதாக்கினால் தைக்கும்போதே காகிதம் கிழிந்து வந்துவிடும்.

தைக்கும் வரிசை

1. காகிதத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு போடுங்கள்.

2. நடுப்பட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்து அழுத்தி மடிப்புத் தடம் வரவையுங்கள். விரித்து, நல்ல பக்கம் மேலே தெரியும்படி, தடம் காகிதக் கோட்டின் மேல் சரியாக உட்காரும்படி வையுங்கள். இரண்டு இடத்தில் பசை தொட்டு ஒட்டுங்கள். இரு மூலைகளையும் தாண்டிப் பட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

3. இரண்டாவது பட்டியை நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி நடுப்பட்டியின் மேல் வைத்து, ஓரமும் ஓரமும் சேருங்கள். ¼ இன்ச் விட்டுக் காகிதத்தோடு சேர்த்துத் தையுங்கள்.

4. புதுப் பட்டியைப் புரட்டி விரித்து, விரல் நகத்தால் நீவி, பிறகு இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தூக்கித் தூக்கி வையுங்கள், தேய்த்து இழுக்காதீர்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், நீராவியும் வேண்டாம். ஈரம் பட்டால் காகிதம் நெளிந்துவிடும்.

5. இதேபோல ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று இரு மூலை வரை போங்கள். ஒவ்வொரு பட்டியும் காகித ஓரத்தைத் தாண்டி இருபுறமும் அரை இன்ச் நீட்டட்டும். அகலம் மாறும் கோணல் துண்டானால் அதன் ஒரு ஓரத்தை மட்டும் ஸ்கேல் வைத்து நேராக்குங்கள். அந்த நேர் ஓரத்தில் தைத்துப் புரட்டிய பிறகு மறு ஓரத்தையும் நேராக்கிக்கொள்ளலாம். அதன் சாய்வு கட்டத்துக்குத் தனி அழகு.

6. கடைசி மூலைக்கு அகலமான துண்டாக எடுங்கள். மூலை முனையிலிருந்து முக்கால் இன்ச்சுக்குள் தையல் விழக்கூடாது. நான்கு கட்டங்கள் சேரும் இடம் அது. அங்கே தையல்கள் கூடினால் முடிச்சு மாதிரி தடித்துவிடும், ஊசியும் முறியும்.

7. கட்டத்தைக் கவிழ்த்துக் காகிதம் மேலே தெரியும்படி வைத்து, காகித ஓரத்தோடு ஒட்டி நான்கு பக்கமும் வெட்டுங்கள். காகிதம் 8 இன்ச், இணைத்த பிறகு கட்டம் 7½ இன்ச்.

நிறம் பற்றி ஒன்று. பக்கத்துப் பக்கத்துப் பட்டிகள் வேறு வேறு நிறமாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர் என்று மாற வேண்டும். வெள்ளை நடுப்பட்டிக்கு அடுத்து மெரூன் பாப்ளின், அதற்கடுத்து மஞ்சள் கட்டம் போட்ட சட்டைத்துணி, பிறகு கரும்பச்சை லைனிங், பிறகு வெளிர்நீலப் புள்ளி ரூபியா என்று போனால் ஒவ்வொரு கோடும் தனியாகத் தெரியும். மெரூனுக்குப் பக்கத்தில் கரும்பச்சையை வைத்தால் நிறம் வேறாக இருந்தும் நாலடி தள்ளி நின்று பார்க்க ஒரே பட்டை போலத்தான் இருக்கும். சந்தேகமென்றால் போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள்.

எங்கே தப்புகிறது

மூலையில் காகிதம் தெரிகிறது: பட்டி வைக்கும்போது போதும் போலத் தோன்றும், புரட்டினால் போதாது. தைப்பதற்கு முன் தையல் வரும் கோட்டில் இரண்டு குண்டூசி குத்திப் புரட்டிப் பாருங்கள். 1.5 மி.மீ. தையலைப் பிரிப்பது பெரும்பாடு. பிரிக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்து, மறுபக்க நூலை இழுங்கள்.

வெளிர் பட்டிக்கு அடியில் நிழல் மாதிரி கோடு: அடியில் இருக்கும் அடர் நிறத் துணியின் ஓரம் தெரிகிறது. தைத்தவுடன், புரட்டும் முன், அடர் நிற ஓரத்தை மட்டும் ⅛ இன்ச்சாகக் குறைத்து வெட்டுங்கள்.

காகிதம் பாதியில் கிழிந்தது: பின்னால் இன்னொரு காகிதத் துண்டைப் பசையால் ஒட்டுங்கள். செலோ டேப் ஒட்டினால் இஸ்திரிப் பெட்டியில் உருகிப் பிடித்துக்கொள்ளும்.

காகிதம் கிழிக்கும் வேலையே வேண்டாம் என்பவர்கள் பழைய மல் துணியை 8 இன்ச் சதுரமாக வெட்டி அடியில் வைக்கலாம். அது அப்படியே உள்ளே தங்கிவிடும். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் சித்தி சமூகப் பெண்கள் பழைய புடவையின் மேல் துண்டுகளைக் கையால் தைத்துச் செய்யும் கவந்தி என்ற போர்வையிலும் அடித்துணி அப்படியே தங்கிவிடும். மல் வைத்தால் போர்வை கொஞ்சம் கனக்கும், மார்கழிக்கு அது நல்லதுதான். தையலை வழக்கமான நீளத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.

கட்டங்களை இணைப்பது

நான்கு கட்டங்களை, நடுப்பட்டிகள் சேர்ந்து ஒரு வைரச் சதுரமாகும்படி தரையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தால் அதே நான்கும் பெருக்கல் குறியாகும். 20 கட்டங்களை நாலுக்கு ஐந்தாக அடுக்கினால் 30 இன்ச்சுக்கு 37½ இன்ச், ஒரு குழந்தைக்கான அளவு.

காகிதத்தை இன்னும் எடுக்க வேண்டாம். கட்டத்தின் நான்கு ஓரமும் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும், காகிதம் போனால் நீண்டுவிடும். இரண்டு கட்டங்களின் நல்ல பக்கங்களைச் சேர்த்து, நடுப்பட்டிகள் சந்திக்கும் இடத்தில் குண்டூசி குத்துங்கள். ஊசி குத்தும் இடம் ஓரமல்ல, ஓரத்திலிருந்து ¼ இன்ச் உள்ளே. சாய்வுக் கோடுகள் சேர வேண்டியது தையல் விழும் இடத்தில்தான். வெட்டு ஓரத்தில் சேர்த்துத் தைத்தால் விரித்த பிறகு விலகி நிற்கும்.

தைத்ததும் அந்த ¼ இன்ச் ஓரத்திலுள்ள காகிதத்தை மட்டும் உரித்தெடுத்துவிட்டு, தையலை இருபக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். எல்லா வரிசையும் இணைந்த பிறகு மீதிக் காகிதம். மூலைப் பட்டியில் தொடங்கி நடுப்பட்டியை நோக்கி வாருங்கள். தையலை இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, காகிதத்தைத் தையலோடு ஒட்டிப் பக்கவாட்டில் கிழிக்க வேண்டும், மேலே தூக்கி இழுக்கக்கூடாது. சிக்கி நிற்கும் துணுக்கு மேல் ஈரத் துணியை ஒற்றி ஒரு நிமிடம் விட்டு, இடுக்கியால் எடுங்கள். ஒரு சுற்று முழுதாகத் தடவிப் பார்த்து, எங்கும் காகிதம் சரசரக்கவில்லை என்ற பிறகே உள்ளே பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைக்கலாம்.