துணியை அலசாதீங்க, ஆயா

"நேத்து ராத்திரி பச்சையா கக்குச்சு சிஸ்டர். துணிய அலசிப் போட்டுட்டேன்" என்றார் பண்ருட்டிப் பக்கமிருந்து வந்த ஆயா. மடியில் எட்டாம் மாதத்திலேயே பிறந்த பேத்தி, பிறந்து ஆறு நாள். வயிறு ஊதி, தோல் மினுங்கி, பச்சை நரம்பு ஓடியது தெரிந்தது.

கடலூர் வட்டாரத்தில் பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்ப்பவள் நான். எனக்கு அந்தத் துணிதான் வேண்டியிருந்தது. தயிர் மாதிரித் திரிந்த பாலைக் கக்குவது எல்லாக் குழந்தையும் செய்வது. அரைத்த கீரை நிறத்தில் வந்தால் அது பித்தநீர். குடல் அடைத்திருக்கலாம், முறுக்கியிருக்கலாம், ஓட்டையே விழுந்திருக்கலாம். விடியட்டும் என்று வைத்திருக்கிற விஷயம் இல்லை. துணியை ஒரு கவரில் போட்டு அப்படியே கொண்டு வாருங்கள், முடியாவிட்டால் போனில் படம் எடுங்கள். வாந்தியே இல்லாமல் வயிறு மட்டும் ஊதி, பால் இழுக்காமல் குழந்தை துவண்டாலும் அதே அவசரம்தான்.

நம் பக்கத்தில் ஊதிய வயிற்றுக்கு உடனே 'மாந்தம்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். உரை மருந்து, ஓம வாட்டர், தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம். பத்துப் போட்டதில் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அதற்குள் அரை நாள் போய்விடுகிறது. வாய்வழி கொடுத்தது குடலில் ஓட்டை இருந்தால் வயிற்றுக்குள்ளேயே கசியும். எனக்கு அதிகம் பயம் வெற்றிலைக் காம்புதான். விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் விட்டால் மலம் போகும் என்பார்கள். அந்தச் சிறு குடலின் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று ஆபரேஷன் பார்த்தவர்களுக்குத் தெரியும். காம்பே அதைக் கிழித்துவிடலாம். சூடு போடுவதைப் பற்றி எழுதவே வேண்டாம்.

குடலில் தானாக ஓட்டை விழுவது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு, முதல் ஒன்றிரண்டு வாரத்தில். சிறுகுடல் முடிகிற இடத்தில் ஒரே ஓட்டை, மற்றபடி குடல் நன்றாகவே இருக்கும். வயிறு திடீரென ஊதி நீலம் பாரித்துக் காட்டும். குடலே அழற்சி கண்டு அழுகுகிற நோய் வேறு. அது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில், பால் கொடுக்க ஆரம்பித்த பிறகு வரும். வார்டில் எங்கள் பக்கத் தவறுகளும் உண்டு. மல்லாக்கப் போட்டு எடுத்த ஒரே எக்ஸ்ரேயில் வெளியேறிய காற்று சில சமயம் தெரியாது. இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து எடுத்தால் கல்லீரல் ஓரத்தில் தெரியும். முதல் நாட்களில், குறைமாதக் குழந்தையின் இதயத்தருகே மூடாத ரத்தக்குழாயை மூடக் கொடுக்கிற இண்டோமெதசின் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இதெல்லாம் தெரியாமல் மாமியார் வீட்டில் முதலில் கேட்பது, "நீ என்னத்தத் தின்ன?" பச்சை உடம்புக்காரி அழுதுகொண்டே பால் எடுப்பதை நிறுத்திவிடுவாள். ஒரு சொட்டுப் பால்கூட இறங்காத குழந்தைக்கும் இந்த ஓட்டை விழுகிறது, தாயின் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குழந்தை சலைனில் இருந்தாலும் மூன்று மணிக்கொரு தரம் பாலைப் பிழிந்து எடுக்கட்டும். மறுபடி குடல் வேலை செய்யும்போது முதலில் கேட்பது அந்தப் பாலைத்தான்.

"பாண்டிச்சேரி 25 கிலோமீட்டர்தானே" என்று ஆட்டோவில் ஏறிவிடுவது அடுத்த தவறு. விருத்தாசலத்திலிருந்து நேரே ஜிப்மருக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. வழியில் குழந்தை சில்லிட்டுப் போகும், சர்க்கரை இறங்கும். பசிக்குமே என்று பாட்டிலில் பால் புகட்டுவார்கள், அது இன்னும் மோசம். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் பச்சிளங்குழந்தைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். சலைன் ஏற்றி, வயிற்றுக் காற்றை வெளியேற்ற மூக்குக் குழாய் போட்டு, தலைக்குக் குல்லாய் மாட்டி அங்கிருந்து அனுப்பட்டும். டிஸ்சார்ஜ் சீட்டையும் எக்ஸ்ரேயையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அந்த ஆயாவின் பேத்திக்குக் குடலை வயிற்றின் மேல் திறந்து வைத்துத் தைத்தார்கள். "இப்படியேவா இருக்கும்?" என்று, மலம் சேர அந்தக் குடல் வாயில் ஒட்டிய பையைத் தொடவே ஆயா பயந்தார். பெரும்பாலும் சில வாரமோ மாதமோ கழித்து உள்ளே வைத்து மூடிவிடுவார்கள் என்றேன். அந்த வாய் மாதுளை முத்து நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும், கறுத்தால் அன்றைக்கே வர வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். மறுவாரம் வந்தபோது ஆயா போனை நீட்டினார். தினமும் காலையில் எடுத்த ஏழு படம் இருந்தது.