ஒரே கோட்டில் சிக்குக்கோலம்: கையால் செய்யும் தியானம்

கண்ணை மூடி உட்கார்ந்தால் தூக்கமோ கவலையோதான் வருகிறது என்பவர்களுக்கு, புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து பின்னும் சிக்குக்கோலம் நல்ல வழி. கவனம் நழுவினால் கை உடனே காட்டிக்கொடுத்துவிடும். வாசல்தான் வேண்டும் என்றில்லை, மொட்டைமாடி போதும். முட்டிவலி இருந்தால் சிலேட்டும் சாக்பீஸும்.

பச்சரிசியை ரவைப் பதத்துக்கு அரைத்துக்கொள்ளுங்கள். நைஸாக அரைத்த மாவு விரலில் ஒட்டி, விட்டுவிட்டு விழும். தண்ணீர் தெளித்த தரை, பளபளப்பு போய் நிறம் மட்டும் கறுத்திருக்கும்போது தொடங்க வேண்டும். சொதசொதவென்றிருந்தால் மாவு திட்டுத்திட்டாக ஊறும். காய்ந்தால் காற்றோடு போகும்.

முதலில் உட்கார்ந்து 20 மூச்சு எண்ணுங்கள். பிறகு நேர்ப்புள்ளியாக, அதாவது ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்றாக, வரிசைக்கு 4 வீதம் 3 வரிசை, மூன்று விரற்கடை இடைவெளியில். மூச்சை வெளியே விடும்போது ஒரு புள்ளி. 12 மூச்சில் 12 புள்ளி. இங்கே அவசரப்பட்டால் புள்ளி கோணும், பின்னால் கோடு திணறும்.

மேல்வரிசையில் முதல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தொடங்கி, வலப்பக்கமாகச் சாய்ந்து கீழே இறங்குங்கள். விதி இரண்டுதான்: இரு புள்ளிகளுக்கு நடுவே வரும்போதெல்லாம் நேராக வெட்டிச் செல்ல வேண்டும், ஓரத்துக்கு வந்தால் அந்தப் புள்ளியைச் சுற்றி உள்ளே திரும்ப வேண்டும். கோடு கீழ் வலது மூலையைச் சுற்றி மேலேறி, இரண்டாம் புள்ளியின் தலையைத் தாண்டித் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். புதிதாகப் போடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் "முடிந்தது" என்று கையை எடுத்துவிடுகிறார்கள். முடியவில்லை, அது குறுக்காக வெட்டும் இடம், தாண்டிப் போங்கள். மேல் இடது மூலைப் புள்ளியைச் சுற்றி வந்து சேர்ந்தால்தான் முடிவு. அதற்குள் 17 இடங்களில் கோடு தன்னையே வெட்டியிருக்கும்.

வளைவுகளில் நம்மை அறியாமலே மூச்சை அடக்கிவிடுவோம். தோள் இறுகும், மாவு அதிகமாக விழும். போட்டு முடித்தபின் தடித்திருக்கும் வளைவுகளைப் பாருங்கள், மூச்சு நின்ற இடங்கள் அவை. மறுநாள் அங்கே மூச்சை விட்டபடியே திரும்புங்கள். வழி தவறினால் அழிக்காதீர்கள். கையை நிறுத்தி, எந்த வெட்டில் திரும்பினோம் என்று கண்டுபிடியுங்கள். அன்றைய கோலம் அப்படியே இருக்கட்டும்.

ஒரு வாரம் இதே கோலம். சலிப்பு வரும், வரட்டும். அதன்பிறகுதான் விளையாட்டு.

3-க்கும் 4-க்கும் 1 தவிரப் பொது வகுத்தி கிடையாது. அதனால்தான் ஒரே கோடு. இரண்டு எண்களுக்கும் பொதுவான மிகப்பெரிய வகுத்தி எதுவோ, அத்தனை கோடுகள் வரும். 3-க்கு 3 போட்டால் மூன்று தனிக்கோடுகள், 4-க்கு 6 போட்டால் இரண்டு. இது தெரியாமல் தன் கையைத் திட்டிக்கொள்பவர்கள் உண்டு. 3-க்கு 3 கோலத்தைக் காகிதத்தில் மூன்று நிறப் பென்சிலால் போடுங்கள். இரண்டு நிறங்கள் வெட்டும் ஓரிடத்தில், வெட்டாமல் இரண்டையும் விலகி வளைய விடுங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த ஒன்றும் மூன்றாவதும் வெட்டும் இடத்தில் இன்னொரு தடவை செய்தால் முழுக் கோலமும் ஒரே கோடு. எந்த வெட்டு என்பது உங்கள் இஷ்டம், ஒவ்வொன்றுக்கும் வேறு உருவம் வரும்.

முடித்ததும் போனை எடுக்காமல் ஐந்து நிமிடம் கோலத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். இந்த வகுத்திக் கணக்கு சதுரம், செவ்வகம் இரண்டுக்கு மட்டும்தான். வரிசைக்கு 1-3-5-3-1 என்று வைக்கும் புள்ளிகளைப் போன்றவற்றுக்குச் செல்லாது.