பேய்க்கு மேக்கப் வேண்டாம், ஒரு ரீப்பர் கட்டை போதும்

பேய்ப்படம் எடுக்க ஆசை, மேக்கப்புக்குக் காசில்லை என்று வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அமெரிக்க இயக்குநர் சாம் ரெய்மியின் கட்டையைத்தான். 1979 கடைசியில், இருபது வயதில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மோரிஸ்டவுன் பக்கம் காட்டு வீடு ஒன்றில் 'தி ஈவில் டெட்' என்ற பேய்ப்படத்தை எடுக்கத் தொடங்கினார். ஓடும்போதும் கேமரா குலுங்காமல் தாங்குகிற ஸ்டெடிகாம் கருவிக்கு வசதியில்லை. நீளக் கட்டையின் நடுவில் 16 எம்எம் கேமராவைப் பொருத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பேய் எங்கேயும் தெரியாது. பேய் பார்க்கிறதைத்தான் நாம் பார்ப்போம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு முதுகு சில்லிடுகிறது.

நீங்கள் செல்போனிலேயே செய்யலாம். எட்டடி ரீப்பர் கட்டை ஒன்று வாங்குங்கள். தட்டையாக இருக்கட்டும், உருட்டுக்கட்டை கையில் புரளும். சரியாக நடுவில் துளை போட்டு, போன் ஹோல்டரைக் கால் அங்குல போல்ட்டால் முடுக்குங்கள். முனையில் ஒருவர் கை ஒரு அங்குலம் குலுங்கினால் நடுவில் அரை அங்குலம்தான் குலுங்கும், சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் இருவரும் ஒரே தாளத்தில் காலடி வைத்தால் இரண்டு குலுக்கலும் சேர்ந்துகொள்ளும். ஒருவர் கால் தரையில் படும்போது மற்றவர் கால் மேலே இருக்கட்டும். உயரமும் ஒத்திருக்க வேண்டும். போன மார்கழியில் ஒரு தென்னந்தோப்பில் நெட்டையையும் குட்டையையும் ஓடவிட்டு, பன்னிரண்டு டேக்கும் சாய்ந்தே வந்தது.

காட்சியை அகலமாகக் காட்டுகிற வைட் லென்ஸ் போடுங்கள். கட்டையை முழங்காலுக்குக் கீழே பிடியுங்கள். தரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம் தெரியும். ஓடுகிற பாதையைப் பகலிலேயே நடந்து பார்த்து, முள்ளையும் மட்டையையும் அகற்றிவிடுங்கள். நடிகர் திரும்புகிற நொடியில் கட் செய்யுங்கள், அதற்குமேல் காட்டாதீர்கள்.

அப்புறம் ரத்தம். ரெய்மி குழுவினருடையது சோளப்பாகில் கலந்த சிவப்புச் சாயம். நான் கேக் சாமான் கடையில் லிக்விட் குளுக்கோஸ் வாங்கி, சிவப்பு கலரோடு அரை ஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித்தூள் சேர்ப்பேன். அப்போதுதான் ரோஸ்மில்க் நிறம் போகும். காயும்முன் வெந்நீரில் அலசிவிடுங்கள். நாயகன் புரூஸ் கேம்பெல்லின் சட்டை இப்படிப் பாகு ஊறி, நெருப்பருகே காயவைத்தபோது இறுகி உடைந்தே போயிருக்கிறது. அதனால் ஒரே மாதிரி சட்டை இரண்டாவது வைத்துக்கொள்ளுங்கள்.