உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம்: சொல்லோடு அதன் கூட்டாளிகளையும் படியுங்கள்

‘குறை’ என்று தமிழில் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் விலையைக் குறைத்தால் ரெட்யூஸ், வலியைத் தணித்தால் அலீவியேட், வெள்ளத்தின் பாதிப்பைத் தணித்தால் மிட்டிகேட், செலவையோ உரிமையையோ வெட்டிச் சுருக்கினால் கர்டெய்ல். தமிழ் அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் ‘மிட்டிகேட் தி பிரைஸ்’ என்று எழுதிவிடுவார். அகராதிப்படி அர்த்தம் சரிதான், ஆனால் ஆங்கிலத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை. ஆகவே சொல்லை, அதனோடு வழக்கமாக வரும் கூட்டாளிச் சொற்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

1. சொற்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து போதும். நீங்கள் படித்த கட்டுரையிலிருந்து எடுத்தால், சொல் வந்த இடமும் சேர்ந்து நினைவில் நிற்கும். பட்டியல்தான் வேண்டுமென்றால், மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட, கல்வி நூல்களில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியலான ‘அகாடமிக் வேர்ட் லிஸ்ட்’ நல்லது. அதில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) இருக்கின்றன. ஆனால் அகரவரிசைப்படி படிக்காதீர்கள். கன்ஃபர்ம், கன்ஃபார்ம் போல முகச்சாயல் ஒத்தவற்றை ஒரே நாளில் படித்தால் இரண்டும் குழம்பும். நடுவே சில வாரங்கள் விடுங்கள்.

2. அட்டை எழுதுங்கள். இந்த வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள். முன்பக்கத்தில் கோடிட்ட இடத்தோடு ஒரு முழு வாக்கியம்: ‘ட்ரீஸ் கேன் எம்____ தி இம்பாக்ட் ஆஃப் ஃப்ளட்ஸ்.’ முதல் எழுத்தைக் கொடுக்காவிட்டால் ரெட்யூஸும் அங்கே பொருந்திவிடும். பின்பக்கத்தில் நான்கு குறிப்புகள்: சொல் மிட்டிகேட், அழுத்தம் முதல் அசையில், கூட்டாளிகள் ரிஸ்க், இம்பாக்ட், டேமேஜ், பெயர்ச்சொல் மிட்டிகேஷன். கூட்டாளிகளை ஊகித்து எழுதாமல், ஆங்கிலம் கற்போருக்கான அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களிலிருந்து எடுங்கள்.

3. மூன்று பெட்டிகளில் சுழற்றுங்கள். செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் 1970-களில் பரப்பிய முறை இது. முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பாருங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்கு ஏறும். தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதலுக்கே திரும்பும். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்புங்கள். திருப்பிப் பார்த்துவிட்டு ‘தெரிந்ததுதானே’ என்று தலையாட்டினால் பழகுவது கண் மட்டும்தான். பேசும்போது சொல் வாய்க்கு வராது.

4. வேர்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்பெக்ட்’ என்றால் பார்ப்பது. பின்னோக்கிப் பார்ப்பது ரெட்ராஸ்பெக்ட். சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர் சர்கம்ஸ்பெக்ட். ஆனால் வேரை மட்டும் நம்பி அர்த்தத்தை முடிவு செய்யாதீர்கள். பெடெஸ்ட்ரியனில் இருப்பது காலைக் குறிக்கும் லத்தீன் வேர்; எழுத்தில் அதே சாயலுள்ள பீடியாட்ரிஷியனில் இருப்பதோ குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர்.

5. எழுதிப் பாருங்கள். மூன்றாம் பெட்டிக்கு வந்த சொல்லை வைத்து, உங்கள் வேலையையோ படிப்பையோ பற்றி இரண்டு வாக்கியம் எழுதி அகராதி எடுத்துக்காட்டோடு ஒப்பிடுங்கள். பிழை பெரும்பாலும் சொல்லில் இருக்காது, அதை அடுத்து வரும் முன்னிடைச்சொல்லில் (ப்ரிபொசிஷன்) இருக்கும். எம்ஃபசைஸ் என்ற வினைக்குப் பின் ‘ஆன்’ வராது. எம்ஃபசிஸ் என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் வரும். அந்தச் சின்னச் சொல்லையும் அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.