முதல் ரேஸுக்கு பேர் குடுங்க, பயிற்சிய அப்புறம் பாத்துக்கலாம்

"இன்னும் கொஞ்சம் ஃபிட் ஆகட்டும், அப்புறம் ரேஸ் ஓடலாம்"னு தள்ளிப் போட்டுட்டே இருக்கவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நானும் ரெண்டு வருஷம் இதயேதான் சொல்லிட்டு இருந்தேன், அந்த "அப்புறம்" வரவே இல்ல, கடைசில ஒரு நாள் ராத்திரி பேர் குடுத்து காசும் கட்டிட்டேன், மறுநாள் காலைல யாரும் எழுப்பாமலே எழுந்து ஓடப் போனேன். தேதின்னு ஒண்ணு குறிச்சாச்சுன்னா உடம்பு சொன்ன பேச்சு கேக்குது. அதனால முதல்ல பேர், அப்புறம்தான் பயிற்சி.

1. 5 கி.மீ எடுங்க

ஆர்வத்துல எடுத்தவுடனே ஹாஃப் மாரத்தானுக்கு போயிடாதீங்க, அது 21.1 கி.மீ. 5 கி.மீங்கறது கொஞ்சம் வேகமா நடந்தாலே ஒரு மணி நேரத்துல முடியுற தூரம், அதனால பாதில ஓட முடியாமப் போனாலும் நடந்தே முடிச்சிடலாம். கட்-ஆஃப் டைம், அதாவது எவ்வளவு நேரத்துக்குள்ள முடிக்கணும்னு மட்டும் பாத்துக்கோங்க. தேதி இன்னிலேர்ந்து 9, 10 வாரம் தள்ளி இருக்கட்டும். இதயம், பிரஷர், மூட்டுன்னு ஏதாவது பிரச்சனை இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு பேர் குடுங்க.

"கடைசியா வந்துட்டா?"னு நிறைய பேருக்கு பயம் இருக்கு. 2004ல லண்டன்ல வெறும் 13 பேரோட ஆரம்பிச்சு இன்னிக்கு பல நாட்டுல நடக்குற பார்க்ரன்ங்கற வாராந்திர ஓட்டத்துல, கடைசில வர்றதுக்குன்னே ஒரு தன்னார்வலர் இருப்பாரு, அவருக்குப் பின்னாடி யாரும் வர மாட்டாங்க. அது இலவசம், 5 கி.மீதான், பக்கத்துல நடந்தா கண்டிப்பா போங்க.

2. பேர் குடுக்குற ஃபார்ம்

முடிக்குற நேரம் கேட்டா உண்மையச் சொல்லுங்க, கூட்டிக் குறைக்க வேணாம், அத வச்சுதான் ஸ்டார்ட்ல எந்த குரூப்ல நிக்கணும்னு பிரிப்பாங்க. காசு கட்டினதும் வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க.

3. வாரத்துக்கு 3 நாள்

இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, முதல் நாளே மூச்சு முட்ட ஓடி, மூணாவது நாள் கால் வலின்னு விட்டுடுறாங்க. ஓடிப் பழக்கமே இல்லாதவங்களுக்காக கவுச் டு 5கேன்னு 1996ல வந்த ஒரு 9 வார திட்டம் இருக்கு, அதோட முதல் வாரம் இவ்வளவுதான்: 5 நிமிஷம் வேக நடை, அப்புறம் 60 செகண்ட் மெதுவா ஓட்டம், 90 செகண்ட் நடை, இத மாத்தி மாத்தி 20 நிமிஷம். வாரம் போகப் போக ஓட்டம் கூடும், நடை குறையும். நடுவுல ஒரு நாளாவது ரெஸ்ட் விடுங்க, ஏன்னா மூச்சு சில வாரத்துலயே பழகிடும், ஆனா எலும்பும் தசைநாரும் பழக இன்னும் நாளாகும், அந்த இடைவெளிலதான் முழங்கால் கீழ வலி வருது. வலி குத்துற மாதிரி இருந்தா அன்னிக்கு நிறுத்திடுங்க.

வேகம் சரியான்னு பாக்க வாட்ச் எல்லாம் தேவையில்ல. ஓடிட்டே பக்கத்துல இருக்கவங்ககிட்ட முழுசா ஒரு வாக்கியம் பேசுங்க, பேச முடிஞ்சா சரி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினா வேகத்த குறைங்க.

ஷூ வாங்குறப்போ முன்னாடி கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். புது ஷூவ ரேஸ் அன்னிக்கு முதல் தடவையா போடவே போடாதீங்க.

4. ரேஸ் அன்னிக்கு

பிப்ப, அதாவது உங்க நம்பர் போட்ட தாள, நெஞ்சு மேல நாலு பின் குத்தி மாட்டுங்க, உங்க நேரத்த பதிவு பண்ற டைமிங் சிப் பெரும்பாலும் அதோட பின்பக்கம் ஒட்டியிருக்கும், மடிச்சிடாதீங்க. டாய்லெட் க்யூ நீளமா இருக்கும், சீக்கிரமே போயிடுங்க. ஸ்டார்ட்ல பின்னாடி நில்லுங்க, ஸ்டார்ட் கோட்டுல விரிச்சிருக்கற பாய் மாதிரியான மேட்-ஐ மிதிக்கறப்போதான் உங்க சிப் டைம் ஆரம்பிக்கும், அதனால முன்னாடி முண்டியடிக்க அவசியமே இல்ல.

முதல் கிலோமீட்டர் ரொம்ப முக்கியம். சுத்தி எல்லாரும் பறப்பாங்க, உங்க காலும் கூடவே இழுக்கும், விட்டுக்குடுக்காதீங்க, பயிற்சில ஓடின வேகத்துலயே போங்க, நாலாவது கிலோமீட்டர்ல அதே ஆட்கள்ல பல பேர தாண்டுவீங்க. நடக்கணும்னா ஓரமா ஒதுங்கி நடங்க, நடுவுல சடார்னு நிக்காதீங்க.

முடிஞ்சதும் உக்காராம ஒரு 10 நிமிஷம் நடங்க. பிப்ப தூக்கிப் போடாம பின்னாடி தேதியும் டைமும் எழுதி வைங்க. என்னோட முதல் பிப் இன்னும் அலமாரிக் கதவுலதான் ஒட்டியிருக்கு.