ஐபிஏ கடிதத்தைப் படிக்காமல் விமானம் ஏறாதீர்கள்

சிங்கப்பூர் வேலை அனுமதியில் இருப்பது உங்கள் பெயர். ஆனால் அதற்கு விண்ணப்பிப்பதும் ரத்து செய்வதும் முதலாளிதான். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் எதுவானாலும் நிலைமை இதுதான். நம்மவர்கள் இங்கே படும் பல தொல்லைகள் இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாததால் வருபவை.

முதல் தவறு ஊரிலேயே நடந்துவிடுகிறது. ஏஜெண்ட் வாயால் சொன்ன சம்பளத்தை நம்பிக் கிளம்பிவிடுகிறார்கள். வொர்க் பெர்மிட்டில் வருபவருக்கு, அவர் புறப்படும் முன்பே ஐபிஏ கடிதத்தை, அதாவது வேலை அனுமதிக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதத்தை, முதலாளி அனுப்பியாக வேண்டும். தாய்மொழியிலும் அது கிடைக்கும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், செய்யப்போகும் வேலை எல்லாம் அதில் இருக்கும். "ஓடி (ஓவர்டைம்) சேர்த்தால் 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரும்" என்று ஏஜெண்ட் சொல்லலாம். கடிதத்தில் பேசிக் 600 என்று இருந்தால் உறுதியான சம்பளம் அந்த 600தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமலும் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்காமலும் ஐபிஏவில் உள்ள சம்பளத்தை முதலாளி குறைக்க முடியாது. அதனால்தான் சில முதலாளிகள், ஆள் வந்து இறங்கிய களைப்பிலேயே ஒரு புதுத் தாளை நீட்டுகிறார்கள். அந்தக் கையெழுத்தே உங்கள் சம்மதமாகிவிடும். புரியாத தாளில், யார் அவசரப்படுத்தினாலும், கையெழுத்துப் போடாதீர்கள். ஐபிஏவின் ஒரு நகல் உங்கள் போனிலும், இன்னொன்று வீட்டாரிடமும் இருக்கட்டும்.

அடுத்தது பணம். வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காக அரசுக்குக் கட்டும் லெவி என்ற தீர்வை முழுக்க முதலாளியின் பொறுப்பு. மலேசியர் அல்லாத வொர்க் பெர்மிட் ஊழியருக்குக் கட்டும் 5,000 வெள்ளி பிணைத்தொகையும் அப்படியே. இரண்டையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை கொடுப்பதற்கோ, பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது குற்றம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி, ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வரைதான் கட்டணம் கேட்கலாம். ஒப்பந்தம் எத்தனை வருடமானாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஊர் ஏஜெண்ட் வாங்கும் லட்சங்களுக்கு இந்தச் சட்டம் எட்டாது. அங்கே ரசீது இல்லாமல் பணம் கொடுத்தால் பின்னால் கேட்க வழியே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கடையில் பாத்திரம் கழுவினால், நண்பரின் கணக்கில் உணவு டெலிவரி செய்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதி ஒரு முதலாளிக்கும் ஒரு வேலைக்கும் மட்டுமே. செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் வேறு இடத்தில் வேலை பார்த்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். திரும்ப வேலைக்கு வரவும் தடை விழலாம். முதலாளியே தன் தம்பி கம்பெனிக்குப் போகச் சொன்னாலும், பாஸில் இருக்கும் பெயரைப் பாருங்கள். பாஸின் நிலையை எஸ்ஜி வொர்க் பாஸ் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடம் கொடுத்து வைக்காதீர்கள். அதை உங்களிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை.

கம்பெனி மாற நினைக்கும் கட்டுமான ஊழியர்கள் பெர்மிட் முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். முடிவதற்கு 40 முதல் 21 நாள் முன்பு வரை, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதிய முதலாளி விண்ணப்பிக்கலாம். இந்த வாய்ப்பைத் தேதி தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களோ, புது பாஸ் வழங்கப்படுமுன் புது ஆபீஸில் உட்கார்ந்துவிடக் கூடாது.

சம்பளம் பாக்கி என்றால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பேச்சில் மாதங்களை ஓட்டாதீர்கள். வேலையில் இருக்கும்போது, பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம்தான். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692.